தாய்மாமன் உட்காராமல் நகராத கார்

தேனி மாவட்டம் கூடலூர் விஜய்பாண்டி வீட்டுக் கார் 1913ஆம் வருடம் இங்கிலாந்தில் செய்தது. தாய்மாமன் வந்து உட்கார்ந்தால் ஒழிய அது நகராது. பன்னீர் திராட்சை கிலோ நாற்பது ரூபாய்க்கு இறங்கிய வாரத்தில்தான் இது முதலில் தெரியவந்தது. அந்த வாரம் ஊர் முதலில் திராட்சை விலையைப் பற்றிப் பேசியது, அப்புறம்தான் காரைப் பற்றிப் பேசியது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் ஓடும், கியர் விழும், புகையும் வரும், சக்கரம் மட்டும் சுற்றாது. எட்டு ஆட்கள் சேர்ந்து தள்ளினார்கள், அசையவில்லை. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள், சங்கிலிதான் அறுந்தது. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த மெக்கானிக்குகள் அடியில் படுத்து எழுந்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் விஜய்பாண்டியின் மச்சினன், ஜீப் டிரைவர் ஒச்சாண்டி, என்னதான் ஆச்சு பார்ப்போம் என்று ஏறி உட்கார்ந்தார். அவர் ஸ்டீரிங்கைத் தொடுவதற்குள் கார் தெருமுனை வரை போய்விட்டது. இதில் ஒச்சாண்டிக்குப் பெருமை எதுவும் இல்லை. எரிச்சல்தான். ஒன்பது வருடமாக எரிச்சல்.

தப்பு எங்கே நடந்தது என்று கேட்டால், காதுகுத்தில் நடந்தது. ஒச்சாண்டியின் தங்கை ராமுத்தாயை விஜய்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்துப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அந்தச் சமயத்தில்தான் குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையின் மூலையில், வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன காரை விஜய்பாண்டி கண்டுபிடித்தார். பின் சீட்டில் கோழி அடை கிடந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து ஆறு வருடம் மல்லுக்கட்டினார். சக்கரத்தின் மரக்கட்டைகளைச் சின்னமனூர் வண்டி ஆசாரி செதுக்கிக் கொடுத்தார். ரேடியேட்டரின் பித்தளையைப் போடியில் தட்டி வாங்கினார்கள். ஆறு வருடமும் ராமுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே பேசினாள். எல்லாம் முடிந்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்கு மாட்ட ஓட்டை போடுவது மட்டும் பாக்கி இருந்தபோது அவள் சொன்னாள்: “ஊர் முச்சூடும் காதுகுத்துக்குச் சீர்த்தட்டுத் தூக்கி எங்கை காய்ச்சுப்போச்சு. எம்பிள்ளைக்கும் குத்தணும். எங்கண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும்.”

ஒச்சாண்டி அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தங்கச்சி ஆசைப்படுகிறாள், ஒரு நாள் கூத்து, கறிச்சோறு வேறு போடுகிறார்கள் என்று தலையை ஆட்டிவிட்டார். பத்திரிகை அடித்தார்கள், பிளக்ஸ் வைத்தார்கள். ஒச்சாண்டி வீட்டிலிருந்து மேளதாளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது: வாழைத்தார், பட்டு, மாலை, கிடா, தோட்டுக்குப் பதிலாகப் பித்தளை விளக்கு இரண்டு. மருமகளை மாமன் மடியில் உட்கார வைக்க வழியில்லாததால் மாமன் மருமகளின் மடியில் உட்கார்ந்தார். டிரில் மிஷின் தகரத்தில் இறங்கியதும், யாரும் அமுக்காமலே ஹாரன் வீரிட்டது. ராமுத்தாய் ஓடிப்போய் ஹாரன் வாயில் முந்தானையை வைத்துப் பொத்தி, “அழாத ஆத்தா, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு” என்று தானும் அழுதாள். ஊரே சிரித்தது, சாப்பிட்டது, வெற்றிலை போட்டது. குலசாமி பேரைச் சொல்லி, சபை கூட்டி, சீர் வைத்துச் செய்துவிட்டால் அது இரும்பானாலும் முறை முறைதான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் காரை வெளியே எடுக்கப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒச்சாண்டி பட்ட பாட்டைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கே கொட்டாவி வரும். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குக் கார் போக வேண்டும், ஒச்சாண்டி வர வேண்டும். கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு, ஒச்சாண்டி வர வேண்டும். குடியரசு தினத்துக்குத் தேனியில் அணிவகுப்பு, ஒச்சாண்டி வர வேண்டும். கழுவிவிட்டு நிழலுக்கு நகர்த்த வேண்டுமானாலும் ஒச்சாண்டிதான் வர வேண்டும். அதிலும் கையை வீசிக்கொண்டு வந்தால் நகராது, மாமன் வெறுங்கையோடு வரலாமா? ஒரு முழம் பூவாவது வேண்டும். மிக்சர் பொட்டலம் வைத்துப் பார்த்தார், ஏற்றுக்கொள்ளவில்லை. ஒச்சாண்டியின் பிழைப்போ விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறுவது. நடுவழியில் போன் வரும். “அண்ணே, பிள்ளை வாசல மறிச்சு நிக்குது, உரம் ஏத்தின வண்டி உள்ள வர முடியல.” ஜீப்பில் இருக்கும் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒச்சாண்டி மலையடி லோயர் கேம்ப்பில் ஜீப்பைத் திருப்புவார். “சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்தேன்” என்று திருப்பும்போதெல்லாம் சொல்வார். காரை அவர் சனியன் என்பார், தகரம் என்பார், வெள்ளைக்காரன் பெத்தது என்பார். மருமகள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் மனைவி முனீஸ்வரிக்கு அதைவிட எரிச்சல். “எங்கண்ணன் எம்பிள்ளைகளுக்கு மாமன்னு வருசத்துக்கு ஒருதரம் பொங்கலுக்கு வாராக. நீங்க இந்த இரும்புக்குத் தெனம் மாமன். உங்க தங்கச்சி பேரைச் சொன்னா உங்களுக்குப் புத்தி வேலை செய்யாது” என்பாள். அவள் சொல்வதில் தப்பும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவும் வழியில்லாமல் போயிற்று. குமுளிப் பக்கம் ஏறினால் சத்தம் இல்லை. இந்தப் பக்கம் தேவதானப்பட்டி தாண்டினால் போதும், கூடலூரில் ஹாரன் அழ ஆரம்பித்துவிடும். திருப்பூரில் ஒரு வீட்டுப் பால்காய்ப்புக்கு அவர் மூன்று நாள் போயிருந்தபோது மூன்று நாளும் அழுதது. ராமுத்தாய் ரேடியேட்டருக்கு விசிறிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். கோயில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் சர்ச்காரர்களும் ஹாரனை அடக்கச் சொல்லி ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டது கூடலூரில் அந்த ஒரு தடவைதான்.

அந்தத் திருப்பூரில்தான் ஒச்சாண்டிக்கு ஒரு வேலை காத்திருந்தது. பனியன் கம்பெனி வேனை ஓட்ட வேண்டும். சமதளமான ரோடு, ஞாயிற்றுக்கிழமை லீவு, தங்குவதற்கு வீடு. முப்பது வருடம் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் மிதித்து அவருடைய வலது முழங்கால் போயிருந்தது. டாக்டர் மலை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனி முடிவதற்குள் வந்து சேர்ந்தால் வேலை உண்டு, ஆடி பிறந்தால் வேறு ஆள் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொன்னார்கள். முனீஸ்வரி பாத்திரங்களைக்கூடச் சாக்கில் கட்டிவிட்டாள். இந்தத் தகரத்துக்கு ஒரு வழி பிறக்காமல் எப்படிப் போவது?

வழி விஜய்பாண்டியிடமிருந்தே வந்தது. அவருக்குள் ஒன்பது வருடமாக ஒரு புகைச்சல் இருந்தது. அடியில் படுத்து, கண்ணில் துரு விழுந்து, ஆறு வருடம் உயிரைக் கொடுத்து நிமிர்த்தியவர் அவர். ஒரு நாள், ஒரு அடி, அது அவருக்காக நகர்ந்ததில்லை. விடிந்ததும் தனியாகப் போய் உட்கார்ந்து கெஞ்சிப் பார்த்திருக்கிறார், திட்டிப் பார்த்திருக்கிறார். “ஆளாக்கினவன் நானு. பேச்சுக் கேக்கிறது எம்மச்சான்கிட்டயா?” என்று ஒருநாள் டீக்கடையில் உடைந்தே போனார். பழைய கார்களைச் சேர்க்கும் கிங்ஸ்லி என்ற கோயம்புத்தூர்க்காரர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே கொடுத்துவிடுவது என்று வைகாசியில் விஜய்பாண்டி முடிவு செய்தார். ராமுத்தாய் சண்டை போடவில்லை. அன்று உலை வைக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் மட்டும், “அவ மாமன் சரின்னு சொன்னா அனுப்புங்க” என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் ஒச்சாண்டி, “சரிதான், சரிதான், தாராளமா அனுப்பு” என்றார்.

ஊர்ப் பெரியவர் சின்னக்கருப்பு அங்கே உட்கார்ந்திருந்தார். எண்பது வயது, முறை தவறினால் சொந்த மகன் வீட்டுச் சோற்றையும் தொடாதவர். “ஏலே ஒச்சாண்டி, போய்ப் பாக்காம மாமன் வாக்குக் குடுக்கலாமா? மாப்பிள்ளை வீடு எப்படி, என்னன்னு பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். இதென்ன புது வம்பு என்று ஒச்சாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாளே விஜய்பாண்டியோடு பஸ் ஏறினார். பஸ் தேவதானப்பட்டி தாண்டியது. ராமுத்தாய்க்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஹாரன் அழவில்லை என்றாள். எவ்வளவு நேரமாகியும் அழவில்லை. தன் காரியமாகத்தான் மாமன் போகிறார் என்று அதற்குத் தெரிந்திருந்தது போல.

கிங்ஸ்லி நல்ல மனிதர். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார், முந்திரிப்பருப்பும் காபியும் கொடுத்தார். பெரிய ஹால், வெள்ளை டைல்ஸ், குளிர்சாதனம். நாற்பத்திரண்டு கார்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புக் கயிறு. தூசி இல்லை. எண்ணெய் வாடையும் இல்லை. ஒச்சாண்டி குனிந்து பார்த்தார். எந்தக் காரின் சக்கரமும் தரையைத் தொடவில்லை. எல்லாவற்றையும் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள்.

“இதெல்லாம் எப்ப சார் வெளிய எடுப்பீங்க?”

“எடுக்க மாட்டமுங்க. ஓட்டினா தேஞ்சுபோயிருமில்லீங்களா? பெட்ரோல், ஆயில் எல்லாம் இறக்கிருவமுங்க.”

“ஆரும் உக்காரவாச்சும் செய்வாகளா?”

“ஐயோ, உக்காரக் கூடாதுங்க. சீட்டு கெட்டுப்போயிரும்” என்றார் கிங்ஸ்லி, அன்பாகத்தான் சொன்னார். பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார் பக்கமாக ஒச்சாண்டி நடந்தபோது, அது கட்டையிலிருந்து முன்சக்கரத்தை இறக்கி அவர் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. இருபது வருடமாக அசையாதது என்று கிங்ஸ்லி ஆச்சரியப்பட்டு, ஆள் கூப்பிட்டு அதைத் திரும்பக் கட்டைமேல் ஏற்றச் சொன்னார். ஏற்றி முடிக்கும்வரை ஒச்சாண்டி பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பும்போது விஜய்பாண்டி வத்தலக்குண்டில் வாங்கிக்கொடுத்த வடையை அப்படியே வைத்திருந்தார். மச்சானுக்கும் இடம் பிடித்துப்போயிற்று என்று விஜய்பாண்டி நினைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து சின்னக்கருப்பு கேட்டதற்கும், “நல்ல எடம்தான் பெரியப்பா, மழை வெயில் படாது” என்று மட்டும் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து லாரி வந்தது. கிங்ஸ்லியும் வந்தார், யாரோ சொல்லிக்கொடுத்து ஐந்து தட்டுப் பழத்தோடு வந்தார். ராமுத்தாய் காரைக் கழுவி, பொட்டு வைத்து, விளக்கு இரண்டுக்கும் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். அழுது முடித்த முகம், அதற்கு மேல் அழ அதில் ஒன்றும் இல்லை. முனீஸ்வரி சாக்கு மூட்டைகளோடு அங்கேயே வந்து நின்றாள், காரை ஏற்றிவிட்ட கையோடு பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்துத் திருப்பூர் போக வேண்டும். ஊர் கூடியிருந்தது. ஒச்சாண்டி ஏறி உட்கார்ந்தார். கார் நகர்ந்து, லாரியிலிருந்து இறக்கிய பலகையில் முன்சக்கரம் இரண்டையும் ஏற்றியது. அங்கே நின்றது. கார் தானாக நிற்கவில்லை, ஒச்சாண்டிதான் பிரேக்கைப் பிடித்தார். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

“என்ன மச்சான், என்னாச்சு?” என்றார் விஜய்பாண்டி.

“எனக்குச் சம்மதமில்ல மாப்ள.”

“எதுக்குச் சம்மதமில்ல?”

“அங்கன குடுக்க எனக்குச் சம்மதமில்ல! நீயும்தான வந்து பாத்த? நாப்பத்திரண்டு நிக்குது, ஒண்ணுக்காச்சும் சக்கரம் தரையில படுதா? ஒரு மனுசனாச்சும் ஏறி உக்காந்து எப்படியிருக்கன்னு கேக்குறானா? ஒன்பது வருசமா என் உசுர வாங்குது, இல்லைங்கல, சனியன்தான். அதுக்காக எம்மருமகளக் கட்டையில தூக்கி வச்சிட்டுப் போயி எனக்குத் திருப்பூர்ல சோறு இறங்குமா? நான் தாய்மாமன் சொல்றேன். குடுக்க முடியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராமுத்தாய் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஜய்பாண்டிக்கு முகம் சிவந்துபோயிற்று. வாக்குக் கொடுத்துவிட்டுச் சபையில் அசிங்கப்படுத்துகிறாயா, இனி அது என் வாசலில் நிற்கக் கூடாது, நின்றால் நான் இருக்க மாட்டேன் என்று கத்தினார். நியாயம் கேட்டு எல்லாரும் சின்னக்கருப்பைப் பார்த்தார்கள். அவர் அதிகம் யோசிக்கவில்லை.

“மாமனுக்குத் தடுக்க உரிமை இருக்கு, தடுத்துட்டான். சரி. தடுத்த மாமன் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுவும் முறைதான. ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு இன்னொண்ண விடலாமா?”

“பெரியப்பா, எங்க வீட்டுல இதுக்கு எடமில்ல” என்றார் ஒச்சாண்டி.

“ஜீப்பு நிக்கிற எடம் இருக்குல்ல? ஜீப்பு வெயில்ல நிக்கட்டும்.”

யாரோ சிரித்தார்கள். ஜீப்புக்குத்தான் கட்டி வைக்கப் போகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ஒச்சாண்டி யாரையும் பார்க்கவில்லை, முனீஸ்வரியை மட்டும் பார்த்தார். அவள் அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து சாக்கு மூட்டைகளைத் தூக்கிக் காரின் பின் சீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டாள், பாத்திரங்கள் கணகணவென்று சத்தம் போட்டன. முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். இதற்குள் பதினோரு மணி பஸ்ஸும் போய்விட்டது. கிங்ஸ்லிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழத்தட்டுகளை வைத்துவிட்டு, ராமுத்தாய் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, காலி லாரியோடு போனார். பெண் கொடுக்க மறுத்த வீட்டில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று போகும்போது சொன்னாராம்.

ஒச்சாண்டி காரை ஓட்டிக்கொண்டு தன் தெருவுக்கு வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. வாசலில் முனீஸ்வரி ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவப்பாக இருந்தது. முகத்தைப் பார்த்தால் தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்துவிடுவாள் போலத்தான் இருந்தது. மூன்று சுற்றுச் சுற்றினாள். பொட்டை எடுத்து ரேடியேட்டரில் அழுத்தி வைத்தாள்.

“வலது சக்கரத்த மொதல்ல எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்றாள்.

ஒச்சாண்டி எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கார் வலது முன்சக்கரத்தை மட்டும் வாசற்படி உயரத்துக்குத் தூக்கி, உள்ளே வைத்தது. பிறகு இடதை வைத்தது. அதன் பிறகு முற்றம் வரை போய் நின்றது.

திருப்பூர் வேலை ஆடி முதல் தேதி வேறு ஆளுக்குப் போயிற்று. வந்தவள் சும்மா நிற்கக் கூடாது என்று இரண்டாம் வாரமே முனீஸ்வரி சொல்லிவிட்டாள், எனவே இப்போது விடிகாலையில் ஏலத்தோட்டத்துப் பெண்கள் பதினொரு பேரை அதுதான் குமுளி மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. வளைவுகளில் அதுவே பிரேக் பிடிப்பதால் ஒச்சாண்டியின் முழங்காலுக்கு வேலை இல்லை. பாலீஷ் எல்லாம் போய்விட்டது, சாரல் பட்டுப் பித்தளை கறுத்துவிட்டது, சீட்டில் ஏலக்காய் வாடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானாகவே கிளம்பி அம்மா வீட்டு வாசலில் போய் நிற்கும். விஜய்பாண்டி ஏறி உட்கார்ந்தால் விரல் தொட்ட பக்கமெல்லாம் திரும்புகிறது. அவரும் ராமுத்தாயும் அதில் வீரபாண்டி வரைக்கும் போய்வருகிறார்கள். கட்டிக்கொடுத்த பிறகுதான் பெண் பிள்ளைக்கு அப்பன் அருமை தெரியும், இதில் என்ன அதிசயம் என்கிறார் சின்னக்கருப்பு. ஒச்சாண்டிக்கு மட்டும் அடங்கவில்லை. இந்தப் புத்தி ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது என்று கேட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த முழங்காலோடு நடந்து போய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார்.